ஒரே மூச்சில் நூறு லீற்றர்

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் அவருடைய அட்டையில் அது அச்சடித்திருந்தது. அங்கேயும் அதை வாசித்துச் சரியாகச் சொன்ன ஆள் இல்லை. இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் குடியிருந்த பார்க்டேல் கட்டடத்தில் முகத்துக்கு நேரே அவரை ‘அண்ணை’ என்றோம். அந்தப் பக்கம் திரும்பியதும் ‘ஒட்டகத்தார்’ என்றோம். பட்டம் அவருக்குத் தெரியும். ஊரில் இப்படி ஒரு பட்டம் வைத்தால் சண்டை வரும். அவர் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். வீடு சிவத்தின் பெயரில் இருந்தது. ஆகையால் வீட்டில் வாயும் சிவத்துக்குத்தான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. ஒட்டகத்தார் வந்த அன்றே தன் மெத்தையை என் மெத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குறுக்கே பேசாத ஒருவன் பக்கத்தில் இருப்பது நல்லது என்று கண்டிருப்பார்.

காலையில் அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வேண்டும். விருந்தாளிகளுக்குச் சர்பத் கரைக்க என்று வாங்கிய பெரிய பிளாஸ்டிக் ஜக் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் குழாயில் விளிம்பு வரை நிரப்பி, நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். தொண்டைக்குழி ஏறி இறங்கும். கடைசிச் சொட்டு முடிந்ததும் ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பிறகு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வரை தண்ணீரோ தேநீரோ தொடமாட்டார்.

“ஏனண்ணை, இடையிலை விடாய்க்காதோ?” என்று சிவம் முதல் கிழமையே கேட்டான்.

“ஒட்டகம் அப்பிடித்தான் ஐசே. கிடைக்கேக்கை குடிச்சிடும். பிறகு அதைப் பற்றி நினையாது.”

“அது முதுகிலை சேர்த்து வைக்கும். நீங்கள் எங்கை வைக்கிறியள்?”

“முதுகிலை இருக்கிறது தண்ணியில்லை. கொழுப்பு.”

“அது எங்களுக்குத் தெரியுமண்ணை. உங்களிட்டையும் அதுதான் இருக்கு.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், பட்டினி கிடக்கிற ஒட்டகத்துக்கு அந்தக் கொழுப்பு எப்படிக் கரையும், கரையக் கரையத் திமில் எப்படி ஒரு பக்கம் சரிந்து தொங்கும் என்று கையால் காட்டினார். பகிடி அவருக்கு விளங்காமல் இல்லை. பகிடியை விட ஒட்டகம் முக்கியம், அவ்வளவுதான்.

அவரைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் ஒட்டகத்தைப் பற்றித்தான் வரும். குளிருதோ அண்ணை? ஒட்டகத்துக்குக் குளிர் பெரிய விசயமில்லை, இரவிலை பாலைவனமும் விறைக்கும். நின்று நின்று கால் நோகுதோ? ஒட்டகத்தின்ரை பாதம் மெத்தை மாதிரி விரிஞ்சு குடுக்கும், மண்ணிலை புதையாது. ஒருநாள் சமையல் சிவத்தின் முறை. இறைச்சிக் கறியில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டான். ஒருவரும் வாயில் வைக்க முடியவில்லை. ஒட்டகத்தார் சாப்பாட்டுக் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டார்.

“எப்பிடியண்ணை கறி?” என்றான் சிவம், கொஞ்சம் குனிந்த குரலில்.

“ஒட்டகத்துக்கு உப்பு வேணும். உப்பில்லாட்டி மெலிஞ்சு போகும்.”

பாராட்டினாரா, குத்தினாரா என்று சிவம் இரண்டு நாள் யோசித்தான்.

அவர் சவூதியில் இருந்தவர் என்பதே எங்களுக்கு வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரியும். ஒரு பிறந்தநாள் விழாவில் அந்த மனிதர் ஒட்டகத்தாரைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். பிறகு எங்களிடம் வந்து, “உவர் என்னோடைதான் சவூதிக்குப் பிளேனிலை வந்தவர். எல்லாருக்கும் டிரைவர் விசா. எங்களைக் கொம்பனி வான் ஏத்திக்கொண்டு போட்டுது. உவரை மட்டும் ஒரு கிழவன் பிக்கப்பிலை ஏத்தினவன். ஓட்டுற வேலைதான் எண்டவன். எதை ஓட்டுறது எண்டு உவர் கேக்கேல்லை” என்றார். பிறகு ஏழு வருசம் அவரை ஒருவரும் காணவில்லையாம். அந்த நேரம் ஒட்டகத்தார் பக்கத்து மேசையில் இருந்த பெரியவருக்கு, ஒட்டகத்தின் இமையில் மயிர் இரண்டு வரிசை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒட்டகம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்துப் படம்தான். கீழே ‘பாலைவனக் கப்பல்’ என்று எழுதியிருக்கும். ஒருநாள் துணிந்து அதை அவரிடம் சொன்னேன்.

“கப்பல் எண்டது சரிதான் ஐசே. ஒரு பக்கத்துக் கால் ரெண்டையும் ஒண்டாத் தூக்கி வைக்கும். பிறகு மற்றப் பக்கம். ஏறி இருந்தால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்.”

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஒரு மாசி மாதம் பனிப்புயலில் குயின் தெருவில் ட்ராம் வண்டி வரவில்லை. நிறுத்தத்தில் நின்ற எல்லாரும் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்துக்கொண்டு நின்றோம். அவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சால்வையால் தலையையும் மூக்கையும் மூடி, நடைபாதையில் குந்திவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எழும்பச் சொல்லிக் கையைப் பிடித்தேன்.

“மண் காத்து அடிச்சால் ஒட்டகம் இருந்திடும். மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு இருந்திடும். காத்தோடை எதிர்த்து நிண்டு என்ன செய்யிறது?”

ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைப் பார்த்து இரக்கப்பட்டு, தான் குடித்துக்கொண்டிருந்த கோப்பியை அப்படியே அவருடைய கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் தந்தார்.

கோடையில் இதற்கு நேர்மாறு. வீட்டில் ஒரு காற்றாடி. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் கால் கை விரித்துக் கிடப்போம். அவர் மட்டும் எல்லாரும் நடுவில் வந்து ஒட்டிப் படுக்க வேண்டும் என்பார். வெயில் ஏறினால் ஒட்டகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுதான் படுக்குமாம். வெளிச் சூட்டை விட ஒட்டகத்தின் உடம்புச் சூடு குறைவாம். சிவம் எழும்பி, தன் தலையணையைக் குளியலறைக்குக் கொண்டுபோனான்.

சிவத்துக்கும் அவருக்கும் ஒருமுறைதான் உண்மையான சண்டை வந்தது. தொலைபேசியை யார் அதிகம் பாவித்தது என்று தொடங்கியது. சிவம் வாய்க்கு வந்தபடி பேசினான். மிருகத்தோடு மிருகமாகக் கிடந்து வந்த ஆளுக்கு மனிசரோடு இருக்கத் தெரியாது என்றான். மூன்று நாள் சிவம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் காலை ஒட்டகத்தார் தன் குளிர் ஜக்கெற்றைக் கொண்டுவந்து சிவத்தின் காலடியில் விரித்தார்.

“மிதியும்.”

“என்னது?”

“ஒட்டகம் வன்மம் வைச்சால் இலேசிலை மறவாது. மேய்க்கிறவன்ரை வாசம் அதுக்குத் தெரியும். அவன் தன்ரை உடுப்பைக் கழட்டி அதுக்கு முன்னாலை போட்டிட்டு ஒளிச்சு நிப்பான். அது உடுப்பைக் கடிச்சு மிதிச்சுத் துவைச்சிட்டு, கணக்கு முடிஞ்சுது எண்டு போயிடும். மிதியும் ஐசே, வேலைக்கு நேரமாகுது.”

சிவம் எங்கள் எல்லாரையும் பார்த்தான். ஒரு காலை வைத்தான். பிறகு மற்றக் காலை வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, நன்றாக ஏறி நின்று குதித்தான். குதிக்கக் குதிக்க அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அதோடு முடிந்தது. ஜக்கெற்றின் ஜிப்பும் அதோடு முடிந்தது. அந்தக் குளிர் முழுக்க ஒட்டகத்தார் ஜக்கெற்றைச் சட்டை ஊசியால் பூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

சிவம் பழைய கார் ஒன்று வாங்கியதும் அவரைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனான். வழியில் ஒட்டகத்தார் காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். கழுத்துப் பொத்தானைப் பூட்டி, தலையை இரண்டு முறை சீவிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது இரண்டு திமில் ஒட்டகம். உடம்பில் பாதி மயிர் உதிர்ந்து, பழைய கம்பளம் மாதிரித் தொங்கியது.

“உதென்ன?” என்றார்.

“ஒட்டகம் அண்ணை. குளிர் நாட்டு ஒட்டகமாம்.”

அவர் வேலியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பாவம், உதுக்கும் ஆரோ ஓவர்ரைம் குடுத்திட்டாங்கள்” என்றார். பிறகு தொண்டைக்குள்ளே ஒரு சத்தம் எழுப்பினார். வாய் கொப்பளிப்பதற்கும் கூப்பிடுவதற்கும் இடையில் ஒரு சத்தம். ஒட்டகம் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். அது எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வைக்கோலைத் தின்றது.

“உதுக்கு அரபு தெரியாது போலை” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

சிரிக்க முடியாமல் போன இன்னொரு நாளும் உண்டு. அவருடைய தாய் தொலைபேசியில் அழுதிருக்கிறார். சிவம் ஆறுதலாகப் பேச நினைத்து, “நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்கையும் அம்மா இப்பிடித்தான் அழுதவவோ?” என்று கேட்டான்.

“குட்டி செத்த தாய் ஒட்டகம் இருக்கல்லோ” என்றார் அவர். “அது குட்டி கிடந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். பிடிச்சுக் கொண்டு வந்து கட்டினாலும் கயிறு அவிழ்ந்தவுடனை போகும். அங்கை ஒண்டும் இராது. மண்தான். அதிலை மூக்கை வைச்சுக்கொண்டு நிக்கும்.”

சிவம் எழும்பிப் போய் அவருக்குத் தேநீர் ஊற்றினான்.

இரண்டு மூன்று வருசத்தில் பார்க்டேல் வீடு கலைந்தது. சிவம் கலியாணம் கட்டி வோபர்னில் குடியேறினான். அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலக்கீழ் அறையில் ஒட்டகத்தாரும் நானும் இருந்தோம். அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. தாய்க்கு ஒரே ஆசை, கண்ணை மூடும் முன் மகனுக்கு ஒரு கலியாணம். சிவத்தின் மனைவிதான் சம்பந்தம் பார்த்தாள். பெண், யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தா. வயது முப்பத்தைந்து. இங்கே மோர்னிங்சைட்டில் பெண்ணின் தாய்மாமன் இருந்தார். ஓய்வு பெற்ற தபாலதிபர். அவர் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை.

பெண்ணின் படம் வந்த அன்று ஒட்டகத்தார் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒட்டகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு புதுச் சீப்பு வாங்கி வந்தார்.

மாமன் சிவத்தின் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார். கோட் போட்டிருந்தார். எந்தப் பேச்சையும் ‘நான்’ என்றுதான் தொடங்குவார். “நான் சாவகச்சேரியிலை இருக்கேக்கை…”, “நான் ஒரு ஆளை முகத்தைப் பார்த்தே சொல்லிப்போடுவன்…” இப்படி. வேலை என்ன, நாட்டில் தங்க அனுமதி கிடைத்துவிட்டதா என்ற கேள்விகளுக்கெல்லாம் சிவமே முந்திக்கொண்டு பதில் சொன்னான். பிறகு வடையைப் பார்க்கக் குசினிக்குள் போனான். அந்த இடைவெளியில் மாமன் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

“தம்பி, குறை நினையாதையும். நான் எதையும் நேரடியாக் கேக்கிற ஆள். தண்ணி பாவிக்கிறனீரோ?”

ஒட்டகத்தாரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருசத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு பெரிய மனிதர் அவரிடம் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

“ஓம் ஐயா. ஆனால் அடிக்கடி இல்லை.”

“எப்ப எப்ப?”

“ஒட்டகம் மாதிரி ஐயா. கிடைக்கேக்கை. கிடைச்சால் ஒரே மூச்சிலை, வயிறு ஊதுமட்டும். பிறகு ஒரு கிழமைக்குத் திரும்பியும் பாராது.”

“ஒரே மூச்சிலை எண்டால், எவ்வளவு?”

“நூறு லீற்றர் போகும் ஐயா. கால் மணித்தியாலத்திலை.”

மாமன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னத்தைக் கலந்து?”

“ஒண்டும் கலக்கிறேல்லை. கலங்கலா இருந்தாலும் குடிக்கும். உப்பாயிருந்தாலும் குடிக்கும். ருசி பாக்கிறேல்லை.”

“ஆரோடை குடிக்கிறது?”

“கூட்டமாத்தான் ஐயா. தனிய விட்டால் சரியாக் குடியாது.”

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அது முழுக்கப் பச்சைத் தண்ணீராகவே கேட்டது. அவருடைய வாயில் தண்ணி என்றால் தண்ணிதான். வேறு ஒரு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பது அவரோடு இருந்து இருந்து எனக்கே மறந்துபோயிருந்தது. சிவம் வடையோடு வந்தபோது மாமன் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமையாகப் பதில் இல்லை. சிவத்தின் மனைவி தொலைபேசி எடுத்தாள். கேட்டுவிட்டு வந்து நாற்காலியில் இருந்தாள்.

“நூறு லீற்றர் குடிக்கிறவராம். கலக்காமலாம். சேர்ந்து குடிக்க ஒரு செற்றும் இருக்காம். குடிச்சால் கிழமைக்கணக்கா எழும்பாராம்.”

சிவம் தலையில் கையை வைத்தான். விளங்கியதும் சிரித்தான். பிறகு திரும்பவும் தலையில் கையை வைத்தான்.

செய்தி வோபர்ன் கடைத்தெருவுக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. ஒட்டகத்தாரோடு ஒருநாளும் பேசாத ஆட்கள் வழியில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். ஒருவர் மகனின் பிறந்தநாளுக்கு அழைத்தார். “அண்ணை கட்டாயம் வரவேணும். ஒழுங்கெல்லாம் செய்து வைச்சிருக்கிறம்” என்று கண்ணைச் சிமிட்டினார். ஒட்டகத்தார் மரியாதைக்குப் போனார். அவரைச் சுற்றி ஒரு வட்டமே கூடி நின்றது. அவர் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சாப்பாடு எங்கே என்று கேட்டார். “ஆள் தொடங்கேல்லை, பொறுங்கோ” என்று ஒருவர் மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். கேக் வெட்டி முடியும் மட்டும் காத்திருந்துவிட்டு மனமுடைந்து கலைந்தார்கள்.

பிறகு செய்தி ஊருக்கும் போய், அவருடைய தாய் தொலைபேசியில் வந்தார். இந்த முறை அழவில்லையாம். “குடிச்சு அழிஞ்சுபோனியே மோனை” என்று ஒரு வசனம்தான். அதோடு ஒட்டகத்தார் பேச்சை நிறுத்திவிட்டார். ஒட்டகத்தைப் பற்றியும் பேச்சில்லை. நான் வேண்டுமென்றே, ஒட்டகம் எத்தனை வருசம் உயிரோடு இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சிவத்திடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிவம் அவரையும் என்னையும் காரில் ஏற்றினான். மோர்னிங்சைட் போய்ச் சேரும் வரை அவருக்குப் பாடம் நடத்தினான்.

“ஒட்டகம் எண்ட சொல்லு உங்கடை வாயிலை வரப்படாது. ‘நான் குடிக்கிறதில்லை.’ அவ்வளவுதான். சொல்லுங்கோ பாப்பம்.”

“குடிக்கிறதில்லை.”

“ஆர் குடிக்கிறதில்லை? ஒட்டகமோ? ‘நான்’ எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

அவர் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

மாமன் வீட்டில் எங்களை இருக்கச் சொன்னார்கள். மாமி கதவடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. மாமன், தான் எத்தனை சம்பந்தம் பேசி முடித்தவர், தன் வார்த்தைக்குக் கொழும்பில் என்ன மதிப்பு என்றெல்லாம் சொல்லிவிட்டு, “சரி தம்பி, சொல்லும்” என்றார்.

“நான்” என்றார் ஒட்டகத்தார்.

எல்லாரும் காத்திருந்தோம்.

“நான்…” என்றார் மறுபடியும். நெற்றி வியர்த்துவிட்டது. “ஒட்ட…” என்று தொடங்கினார். சிவத்தின் கால் மேசைக்குக் கீழே நகர்ந்தது. ஒட்டகத்தார் வாயை மூடினார். கையை மடிக்குள் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார்.

“ஐயா, அங்கை தமிழ் கதைக்க ஒரு மனிசன் இல்லை. கிழவன் தண்ணி வண்டியோடை வருவான், எண்ணிப் பாத்திட்டுப் போவான். தமிழ் மறந்துபோகும் எண்டு பயத்திலை ஒட்டகங்களோடை கதைச்சன். அதுகளைப் பற்றி அதுகளுக்கே சொல்லுவன். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கு? கேக்கவும் ஆளில்லை. பிறகு இஞ்சை வந்து ஆரும் கேட்டால், அதுதான் வாயிலை வருது. வேறை வருகுதில்லை ஐயா.”

குசினியில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

மாமன் தொண்டையைச் செருமினார். “அப்ப அந்த நூறு லீற்றர்?”

“பச்சைத் தண்ணி ஐயா. ஒட்டகம் குடிக்கிறது.”

“நீர் ஒண்டும் குடிக்கிறதில்லை?”

“இவரும் பச்சைத் தண்ணிதான் ஐயா” என்று சிவம் அவசரமாகச் சொன்னான். “காலமை எழும்பினவுடனை ஒரு ஜக். அவ்வளவுதான்.”

மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு ஜக்கோ! அப்ப சீனி வருத்தம். நான் சொல்லுறன், நூற்றுக்கு நூறு சீனி வருத்தம். எனக்கும் உப்பிடித்தான் துவங்கினது. நான் முதலிலை கவனிக்கேல்லை. நான் டொக்டரிட்டைப் போகேக்கை…”

“இஞ்சாருங்கோ.”

மாமி குசினி வாசலில் நின்றா. கையில் ஈரம் துடைத்த துவாய்.

“உந்த மனிசனுக்குப் பிள்ளையைக் குடுங்கோ.”

“நீர் சும்மா இரும். நான் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்.”

“முப்பது வருசமா இந்த வீட்டிலை ‘நான், நான்’ எண்டதைத் தவிர வேறை ஒண்டும் நான் கேட்டதில்லை. ‘நான்’ எண்டு சொல்லவே வராத ஒரு ஆம்பிளையை இண்டைக்குத்தான் கண்ணாலை காணுறன். உவரையும் விட்டிட்டு வேறை எங்கை போய்த் தேடப்போறியள்?”

மாமன் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லால் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

மாமி நேரே தொலைபேசிக்குப் போய் இலக்கங்களை அழுத்தினா. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். லொட்ஜ்காரர் பெண்ணைக் கூப்பிட்டு விடுமட்டும் காதில் வைத்தபடி நின்றா. “பிள்ளை, அவர் இஞ்சைதான் நிக்கிறார். குடிக்கிற ஆள் இல்லையாம். அது ஒட்டகமாம். ஓம், ஒட்டகம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை, நீயே கதை” என்று சொல்லி, ஒட்டகத்தாரின் கையில் அதை வைத்தா.

அவர் வயர் போகிற மட்டும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் நின்றார். முதலில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ இரண்டு வசனம் சொன்னார். பிறகு மறுபடி கேட்டார். மாமன் கழுத்தை நீட்டினார். மாமி துவாயால் அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினா. ஒட்டகத்தார் திரும்பி வந்து தொலைபேசியை மாமியிடம் கொடுத்தபோது அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

காரில் சிவம் சந்தி தாண்டும் வரைதான் பொறுத்தான்.

“கடைசியிலை என்னதான் கதைச்சனீங்கள்? திரும்பவும் ஒட்டகமோ?”

“அவதான் கேட்டவ” என்றார்.

“என்னெண்டு?”

“‘ஒட்டகம் கடிக்குமோ?’ எண்டு.”

சிவம் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினான். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“பொய் சொல்லலாமோ ஐசே? பழகின ஆளைக் கடியாது, ஆனால் ஆண் ஒட்டகத்துக்குக் குளிர்காலத்திலைதான் மதம் பிடிக்கும், அப்ப நம்பேலாது எண்டன்.”

“ஐயோ அண்ணை! அவ அதுக்கு என்ன சொன்னவ?”

ஒட்டகத்தார் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“‘அங்கை குளிர் எத்தினை மாசம்?’ எண்டு கேட்டவ.”